எண்ணிலிருந்து ஒலிக்கு: கைக்குள் அடங்கும் யூஎஸ்பி ஒலிமாற்றி

வெளிமாநிலங்களில் வாழும் நம் வீடுகளில் தமிழ் இன்று பெரும்பாலும் காது வழியாகத்தான் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படிப்பது ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பேரக் குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் தமிழைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் குழந்தைகள் ஏராளம். பாட்டு, பட்டிமன்றம், கதை, ஊரிலிருக்கும் பெரியவர்களின் குரல் எல்லாம் கணினிக்குள்ளும் செல்போனுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டன. பாட்டி பாடிய தாலாட்டு, அப்பா பேசிய கூட்டம், கல்யாணத்து நாதஸ்வரம் என்று பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் குடும்பங்களும் பல.

இவற்றை ஹெட்போனில் கேட்கும்போது பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்'. "பழைய ரெக்கார்டிங், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் குரலின் மெல்லிய மேல் அதிர்வுகளில் இருக்கின்றன. இரைச்சல் முதலில் மூடுவது அவற்றைத்தான். ஆகவே இது வெறும் சங்கீத ரசிகர்களின் கவலை அன்று. மொழியைக் காதால் கற்கும் குழந்தையின் கவலையும் ஆகும்.

பல நேரங்களில் குற்றம் ரெக்கார்டிங்கில் இருப்பதில்லை. எண்ணாக வந்த ஒலி மறுபடியும் மின்சாரமாக மாறும் கடைசி இடத்தில் இருக்கிறது. அந்தக் கடைசி இடத்தை நாமே கட்டிக்கொள்ளலாம். நான் எஞ்சினியர் அல்லன். மும்பையில் பித்தளை, எவர்சில்வர் பாத்திர வியாபாரம். கடை சாத்திய பிறகு படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒலியை அளப்பது நமக்குப் புதிதா?

தொல்காப்பியர் எழுத்தொலியைக் காலத்தால் அளந்தார். கண் இமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அணுக்கள் திரண்டு ஒலியாகி, அந்த ஒலியே எழுத்தாகிறது என்பது அவர் கொள்கை. ஒலியை வெட்டவெளியின் குணம் என்று சொல்லாமல் பொருளின் நிலையாகவே கொள்வது சமண மரபு. இன்றைய அறிவியல் ஒலியைக் காற்றில் உண்டாகும் அழுத்த அலை என்கிறது. இரண்டும் ஒன்றே என்று சாதிக்க நான் வரவில்லை. ஒலியைக் காலத்தால் பகுத்து அளக்கலாம் என்ற எண்ணம் நம் இலக்கணத்தில் வேரோடியது என்று சொல்ல வந்தேன்.

கணினியும் இதைத்தான் செய்கிறது, மிக நுணுக்கமாக. ஒரு நொடியை 44,100 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். அளக்கும் கோலில் 65,536 படிகள் உண்டு; அதைத்தான் 16 பிட் என்கிறார்கள்.

அது ஏன் 44,100? மனிதக் காது கேட்கும் எல்லை, நல்ல இளம் காதுக்கு, நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு. ஓர் அலையைப் பிழையில்லாமல் மறுபடி வரைய அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி வேண்டும். 1928-இல் நைக்விஸ்ட் இதற்கு அடிப்படை போட்டார். 1949-இல் கிளாட் ஷானன் கணக்காக நிறுவிக் காட்டினார். 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தபோது 44,100 என்ற எண் நிலைத்துவிட்டது. இரண்டு காதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நொடிக்கு 14,11,200 பிட்.

"தாத்தா, துண்டு துண்டா வெட்டினா பாட்டும் துண்டு துண்டாத்தானே கேக்கணும்?" என்று என் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைக்கிறார். பிறகு புள்ளிகளை ஒட்டி வளைகோடு இழுக்கிறார். கோலத்தில் நாம் பார்ப்பது கோட்டை. புள்ளியிலிருந்து கோடு இழுக்கும் அந்தக் கையைத்தான் எண்-ஒலி மாற்றி, சுருக்கமாக டாக், என்கிறோம்.

யூஎஸ்பி கம்பிக்குள் நடப்பது

யூஎஸ்பி கம்பிக்குள் நான்கு இழைகள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, பச்சையும் வெள்ளையும் எண்களைச் சுமப்பவை. ஒலிக்கு என்று 1998-இலேயே பொது விதி எழுதிவிட்டார்கள். அதன்படி செய்த கருவியை விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் செருகினாலும் தனி மென்பொருள் கேட்காமல் வேலை செய்யும்.

எண்களை ஒரு மில்லி நொடிக்கு ஒரு மூட்டையாகக் கணினி அனுப்புகிறது. 44,100-ஐ ஆயிரம் மூட்டைக்குப் பங்கிட்டால் மூட்டைக்கு 44.1 வருகிறது. மாதிரியைப் பத்தில் ஒரு பங்காக உடைக்க முடியாதே! ஆகவே ஒன்பது மூட்டையில் 44, பத்தாவதில் 45. 9 பெருக்கல் 44 என்பது 396. அதோடு 45 கூட்டினால் 441. வியாபாரிக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போகும்.

இப்படி ஏற்ற இறக்கமாக வருகிற சரக்கை வாங்கி, இம்மி பிசகாத இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குத் துல்லியமான கடிகாரம் தேவை. கடிகாரம் தள்ளாடினால் புள்ளி இடம் மாறி விழும், கோலம் நெளியும்.

கம்பி சரியாக இருந்தால் எண்கள் அநேகமாகக் கெடுவதில்லை. கெட்டாலும் 'டப்' என்று வெடிப்புச் சத்தமாகத் தெரிந்துவிடும். நாம் கேட்கும் 'உஸ்'ஸும் 'கிர்ர்'ரும் வேறு வழியில் வருகின்றன. மடிக்கணினியின் ஒலிச் சில்லு, ப்ராசஸர், காற்றாடி, திரை எல்லாவற்றோடும் ஒரே பலகையில் குடியிருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த வீட்டுச் சண்டை நம் வீட்டுக்குள் கேட்பதுபோல், அவற்றின் மின்சலனம் ஒலிக்குள் கசிகிறது. மாற்றியை வெளியே தனியாக வைத்தால் பாதிச் சண்டை அடங்கும். மீதிப் பாதி அந்தச் சிவப்பு, கறுப்பு இழைகள் வழியாகவே வரும். அதை வடிகட்டுவதுதான் நம் கைவேலையின் சாரம்.

ஒரே ஐசியில் நான்கு வேலை

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் 1956-இல் தொடங்கிய நிறுவனம் பர்-பிரவுன். ஒலிமாற்றிகளில் பேர்பெற்றது. 2000-இல் அதை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கிக்கொண்டது. பிசிஎம்2704 என்ற ஐசி அந்த வழியில் வந்தது. வீட்டில் கட்டுபவர்களிடம் உலகெங்கும் பிரபலமானது. பின்னால் 'சி' என்ற எழுத்தைச் சேர்த்துத் திருத்திய வடிவமும் வந்தது.

யூஎஸ்பி மூட்டையை வாங்குவது, கடிகாரத்தைச் சீராக்குவது, எண்ணை ஒலியலையாக்குவது, ஹெட்போனை இயக்குவது ஆகிய நான்கும் இந்த ஒரே ஐசிக்குள் நடக்கின்றன. விரல் நகத்தளவு இருக்கும், 28 கால்கள். 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளை 16 பிட்டில் மாற்றும். 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய 12 மில்லிவாட் கொடுக்கும்.

"24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு டப்பாவுல போட்டு விக்கிறாங்களே, இது பழசாச்சே?" என்று கேட்பீர்கள். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடம் கிடைக்கிறது. இரைச்சல் குறைப்பு வசதி இல்லாத சாதாரண கேசட் 60 டெசிபெல்லைத் தொடுவதே அரிது. கால்படி அரிசி அளக்க மரக்கால் எதற்கு? பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஹெட்போனில் போட்டால் அதிகப் பலன் உண்டு.

வேண்டிய சாமான்கள்

1. பிசிஎம்2704 அல்லது பிசிஎம்2704சி ஐசி ஒன்று. நம்பகமான விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். மேலெழுத்தைச் சுரண்டி வேறு பெயர் அச்சடித்த போலிகளும் உலவுகின்றன.

2. அந்த ஐசியை உட்கார வைக்கும் சிறு மாற்றுப் பலகை. கால்களுக்கிடையே 0.65 மில்லிமீட்டர்தான் இருப்பதால் பொதுப் பலகையில் நேரடியாக வைக்க முடியாது.

3. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, அதன் இரண்டு கால்களுக்கும் சிறு செராமிக் கெபாசிட்டர்கள், குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர்.

4. எண் இழைகளுக்கு 22 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. பச்சை இழையை 3.3 வோல்ட்டோடு இணைக்க 1.5 கிலோ ஓம் ஒன்று. 'நான் வந்துவிட்டேன்' என்று கணினிக்கு அறிவிப்பது இந்த 1.5 கிலோ ஓம்தான்.

5. மின்வழிகளுக்கு 1 மைக்ரோஃபாரட், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் சில. 5 வோல்ட் வழியில் வைக்க ஃபெரைட் மணி ஒன்று.

6. ஒலி வெளிவரும் வழியில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இரண்டு, ஹெட்போன் சாக்கெட், யூஎஸ்பி சாக்கெட், சிறு உலோக டப்பா.

மும்பையில் கிராண்ட் ரோடு ஸ்டேஷனை ஒட்டிய லேமிங்டன் சாலையிலும், பெங்களூரில் எஸ்.பி. ரோட்டிலும், டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லஜபத் ராய் மார்க்கெட்டிலும் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும். ஐசியின் எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட்டுள்ள விவரத்தாளில் படமாகவே போட்டிருக்கிறார்கள். அதை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு இணைப்பு முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

எங்கே கவனம் வேண்டும்?

முதலாவது, ஈயம் வைப்பது. பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுபவர் முதலில் நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார். அது உலோகத்தின் மேல் படிந்த களிம்பைத் தின்று சுத்தமான பரப்பைக் கொடுக்கும். பிறகுதான் வெள்ளீயம் ஒட்டும். மின்பலகையில் அதே வேலையை ஃப்ளக்ஸ் செய்கிறது. ஆனால் நவச்சாரத்தையோ அமிலத்தையோ இங்கே கொண்டு வரக்கூடாது. மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துவிடும். ரெசின் ஃப்ளக்ஸ்தான் சரி. ஐசியின் எதிரெதிர் மூலைக் கால்களை முதலில் ஒட்டி நேராக நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிறகு ஃப்ளக்ஸ் தடவி, முனையில் சிறிது ஈயம் எடுத்து, கால்வரிசையின் மேல் மெல்ல இழுத்துச் செல்லுங்கள். இரண்டு கால் சேர்ந்துகொண்டால் செம்புப் பின்னலை வைத்துச் சூடு காட்டினால் மிகுதி ஈயத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். 63-க்கு 37 என்ற வெள்ளீய-காரீயக் கலவை 183 டிகிரியில் உருகும்; புதியவர்களுக்கு அது சுலபம். காரீயம் நஞ்சு என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறை மேடையில் இந்த வேலை கூடாது.

இரண்டாவது, மின்வழி. 5 வோல்ட் இழை ஃபெரைட் மணி வழியாக நுழையட்டும். கெபாசிட்டர்களை ஐசியின் காலை ஒட்டியே வையுங்கள். தள்ளி வைத்தால் பயன் குறையும். பெரிதாக 1000 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் சுத்தமாகும் என்று தோன்றும். ஆனால் யூஎஸ்பி விதிப்படி 5 வோல்ட் வழியில் நேராக 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. செருகிய கணத்தில் அது குடிக்கும் மின்சாரத்தைப் பார்த்துக் கணினி மிரண்டு வழியை மூடிவிடலாம்.

மூன்றாவது, தரை. ஒலியின் தரையையும் எண்களின் தரையையும் ஐசிக்கு அருகில் ஒரே இடத்தில் சேருங்கள். வீட்டுச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் தனித்தனியே போவதுபோல் இரண்டின் பாதையும் அதுவரை தனியாக இருக்கட்டும்.

நான்காவது, ஒலி வெளிவரும் கெபாசிட்டர். ஐசியின் ஒலிக்காலில் ஏறக்குறைய 1.65 வோல்ட் நேர்மின்சாரம் எப்போதும் நிற்கும். அது ஹெட்போனுக்குள் போகக்கூடாது. தடுப்பது இந்தக் கெபாசிட்டர். கூட்டல் முனை ஐசி பக்கம். அளவு சிறிதானால் அடிநாதம் இளைக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோஃபாரட் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி சரியும். 220 வைத்தால் அந்த எல்லை 23-க்கும், 470 வைத்தால் 11-க்கும் இறங்கும். தவிலின் அடியும் மிருதங்கத்தின் தொப்பியும் நிறைவாக வேண்டுமென்றால் 220-க்குக் குறையாமல் வையுங்கள்.

டப்பாவுக்குப் பழைய மூக்குப்பொடி டப்பா அளவில் பித்தளை அல்லது தகரம் ஏதாவது போதும். உள்ளே தடித்த காகிதம் ஒட்டிவிட்டால் பலகை உலோகத்தில் படாது. டப்பாவை ஒரே ஒரு இடத்தில் தரையோடு இணைத்துவிட்டால், பக்கத்தில் செல்போன் வைக்கும்போது வரும் 'டிக் டிக்' வெகுவாகக் குறையும்.

செருகும் முன் சோதனை

மல்டிமீட்டரால் 5 வோல்ட்டும் தரையும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். முதலில் கணினியில் செருகாமல் செல்போன் சார்ஜரில் செருகி, ஐசியின் உள்மின்வழியில் 3.3 வோல்ட்டும், நடுப்புள்ளிக் காலில் அதில் பாதியும், ஹெட்போன் சாக்கெட்டில் சுழியும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் கணினிக்குக் கொண்டுபோகலாம். ஒலிக்கருவிகளின் பட்டியலில் புதிதாக ஒன்று சேரும். முதல் பாட்டைப் பழைய, மலிவான ஹெட்போனில் கேளுங்கள்.

இந்தப் பெட்டி கேட்பதற்கு மட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டைக் கணினியில் ஏற்ற எதிர்த்திசை மாற்றி வேண்டும். பிசிஎம்2900 வரிசை ஐசிகள் இரு திசையும் செய்யும்.

காதைக் காப்பாற்றும் கணக்கு

சிறிய டப்பாதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் ஹெட்போன் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிவாட் போனால் 110 டெசிபெல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல்லும், குழந்தைகளுக்கு 75-ம் எல்லையாக வைக்கிறது. 3 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிக்கும். ஆகவே நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. இப்படியே இறங்கினால் 110-க்கு ஒரு வாரம் முழுவதற்கும் இரண்டே கால் நிமிடம்தான் மிச்சம்! வட்டிக்கு வட்டி போல இந்தக் கணக்கு விரைவாக ஏறும். போன செவித்திறன் திரும்புவதில்லை.

இரைச்சல் குறைந்த மாற்றியின் உண்மையான லாபம் இங்கேதான். பின்னணி அமைதியாக இருந்தால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. மெல்ல வைத்தாலே 'ழ' தெளிவாகக் கேட்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கணினியிலேயே ஒலியளவுக்கு எல்லை வைத்துக் கொடுங்கள்.

கடையில் வாங்கினால் போதாதா?

வியாபாரி என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறேன். 2016-இல் ஆப்பிள் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை எடுத்தது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் எடுத்துவிட்டன. அதற்காக விற்கும் சிறு இணைப்புக் கம்பிகள் பலவற்றின் உள்ளேயும் இதே வேலை செய்யும் சில்லு இருக்கிறது. அவற்றில் சில நாம் செய்வதைவிட மலிவு, அளவில் சிறிது, ஒலியிலும் குறைவில்லை. பணம் மிச்சம் பிடிக்க இதைச் செய்ய வேண்டாம்.

செய்து பார்த்த பிள்ளைக்கு வேறு லாபம் உண்டு. எந்தக் கருவி இரைந்தாலும் 'தூக்கிப் போடு' என்பதற்கு முன் தரை, மின்வழி, கடிகாரம் என்று வரிசையாக யோசிக்கும். உடைந்தால் திறந்து பார்க்கும். டப்பாவின் மேல் அச்சடித்த பெரிய எண்ணுக்கு மயங்காது. நம் தலைமுறையில் ரேடியோவைத் திறந்து பார்த்த கைகள் ஏராளம் இருந்தன. இன்றைய கருவிகளில் பலவற்றுக்குத் திறக்கும் திருகாணியே இல்லை. அதனால்தான் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றை நாமே செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

நிதானமாகச் செய்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். கண் கூர்மையான பேரன் பேத்தி ஈயம் வைக்கட்டும். தாத்தா பாட்டி படத்தைப் பார்த்துக் கோடு போடட்டும். முடிந்ததும் வீட்டில் உள்ள மிகப் பழைய குரல் ஒன்றை முதலில் போட்டுக் கேளுங்கள். குரலைக் கணினியில் இன்னும் ஏற்றாதவர்கள் அதை இந்த ஆண்டே ஏற்றிவிடுங்கள். கேசட்டின் நாடா ஆண்டுக்கு ஆண்டு பலவீனப்படுகிறது. செய்து முடித்த அன்பர்கள் அடுத்த விழாவுக்குத் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மல்டிமீட்டரோடு நானும் வருகிறேன்.